வெம், மோல், ஸ்டெய்ன்: ஆங்கிலக் கறைச்சொற்களின் வரலாறு

விவிலியத்தின் உன்னதப்பாட்டு நான்காம் அதிகாரம் ஏழாம் வசனம், காதலியிடம் குறையே இல்லை என்று சொல்கிறது. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அந்தக் குறைக்கு உரிய சொல் ‘மாகுலா’. 1380களில் சமயச் சீர்திருத்தவாதி விக்ளிஃபைச் சார்ந்தோர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ‘வெம்’ என்று எழுதினர். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் அதே இடத்தில் ‘ஸ்பாட்’ நிற்கிறது. சுமார் 230 ஆண்டுகளில் ஒரு பழஞ்சொல் ஒதுங்கி, இன்னொன்று அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. புள்ளி, கறை, மாசு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எந்தத் தொழிலின், எந்த அமைப்பின் கையில் புழங்கினவோ அதற்கேற்பப் பொருள் மாறின என்பதே இக்கட்டுரையின் கருத்து.

‘வெம்’ 1066இல் நார்மானியர் வருவதற்கு முன்பிருந்த பழைய ஆங்கிலத்துக்கு உரியது. உடலிலுள்ள வடுவையும் ஒழுக்கக் குறையையும் அது ஒருசேரச் சுட்டியது. அதே அடுக்கைச் சேர்ந்தவை ‘ஸ்பெக்’, ‘மோல்’ என்பன. இன்று ‘மோல்’ என்றால் தோலிலுள்ள மச்சம். பழைய ஆங்கிலத்தில் ‘மால்’ என்று ஒலித்த அச்சொல் துணியில் படிந்த கறையையும் குறித்தது. ஈரமான லினன் துணி இரும்பின்மேல் கிடந்தால் செம்பழுப்பான துருக்கறை பிடித்துக்கொள்ளும்; சோப்புப் போட்டு எவ்வளவு கசக்கினாலும் போகாது; எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம் பட்டால்தான் இளகும். இக்கறைக்கு ‘அயர்ன் மோல்’ என்று பெயர். ‘மோல்’ துணியை விட்டுத் தோலோடு நின்றுபோன பிறகு இத்தொடரின் பின்பாதி மக்களுக்கு விளங்காமல் போயிற்று. பூஞ்சணத்தைக் குறிக்கும் ‘மோல்ட்’ அந்த இடத்துக்கு வந்தது. இரும்புத் துருவுக்கும் பூஞ்சணத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ‘அயர்ன் மோல்ட்’ என்ற வடிவமே அகராதிகளில் நிலைத்தது. பொருள் மறந்த சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் மக்கள் வழக்குக்கு இதைவிடத் தெளிவான சான்றை இந்தச் சொற்கூட்டத்தில் காண முடியாது.

ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து வந்தது ‘ஃப்ரெக்கிள்’. முகத்தில் வெயில் பட்டுத் தோன்றும் சிறு புள்ளிகள் இவை. கவிஞர் சாசர் தம் ‘கேன்டர்பரி கதைக’ளில் எமெட்ரியஸ் என்னும் அரசனை வருணிக்கும்போது இப்புள்ளிகளையும் குறிப்பிடுகிறார். அங்கே அது குறையாக அன்று, அவனுடைய தோற்றப் பொலிவின் ஒரு கூறாகவே வருகிறது.

பிரெஞ்சு வழி வந்த சொற்களில்தான் பொருள்மாற்றம் மிக ஆழமானது. ‘ஸ்டெய்ன்’ என்பது ‘டிஸ்டெய்ன்’ என்பதன் குறுக்கம். அதன் வேர் சாயமேற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை; முன்னொட்டோ நீக்கத்தைக் குறிப்பது. எனவே தொடக்கத்தில் ‘ஸ்டெய்ன்’ செய்வது என்றால் நிறத்தை மங்கச் செய்வது. வண்ணம் பூசுவதைக் குறித்த ஸ்காண்டிநேவியச் சொல்லொன்றும் இதனோடு கலந்தது. நிறத்தை எடுப்பதற்கு இருந்த சொல், நிறத்தை ஏற்றுவதற்கு உரியதாயிற்று. இலண்டனில் மரம், கல், உலோகத்தின்மேல் வண்ணம் தீட்டியவர்கள் ‘பெயின்டர்’ என்றும், துணியில் தீட்டியவர்கள் ‘ஸ்டெய்னர்’ என்றும் தனித்தனிச் சங்கம் வைத்திருந்தனர். 1502இல் இரு சங்கங்களும் ஒன்றாயின. 1581இல் முதலாம் எலிசபெத் அரசி உரிமைப் பட்டயம் வழங்கினார். குற்றத்தையும் இழிவையும் குறித்த அதே சொல்லைக் கைவினைஞர்கள் பெருமையோடு தம் சங்கத்தின் பெயரில் வைத்திருந்தார்கள். கறை என்ற பொருளை மட்டும் வைத்து இச்சொல்லை விளக்கும் அகராதிக் குறிப்புகள் இந்தத் தொழில் வரலாற்றை மறைத்துவிடுகின்றன.

மாசைக் குறிக்கும் ‘டெயின்ட்’ நீதிமன்றத்தின் வழியாக வந்தது. தொடுதல், சாயமேற்றுதல் என்ற இரு வேறு இலத்தீன் வேர்களிலிருந்து கிளைத்த பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிப் பொருளாலும் பிணைந்தன. தேசத்துரோகத்துக்காகத் தண்டனை பெற்றவரின் இரத்தமே கெட்டுவிட்டதாகக் கொண்டு, அவருடைய வாரிசுகளுக்குச் சொத்துரிமையை மறுத்த ‘அட்டெயின்டர்’ என்னும் சட்ட ஏற்பாடு இவ்வேர்களில் முதலாவதிலிருந்து பிறந்தது. ஆனால் கறைபட்டவர் என்ற எண்ணமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஏற்பாட்டை 1870ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒழித்தது. ஒரு தவறான சொற்பிணைப்பு, தண்டனைபெற்றவரின் பிள்ளைகள்மீதும் இழிவு படிவதை இயல்பானதாகக் காட்ட உதவியது என்பது என் கணிப்பு.

கண்ணால் காணும் பொருள் முதலில், மனத்தைப் பற்றிய பொருள் பிறகு என்பது சொல்லாராய்ச்சியில் பலரும் கைக்கொள்ளும் விதி. ‘ஸ்பாட்’ இந்த விதிக்குள் அடங்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி திரட்டிய சான்றுகளில் சுமார் 1200ஐ ஒட்டிக் கிடைக்கும் முதற்பொருள் பாவக்கறை. தோலிலும் பரப்பிலும் தெரியும் புள்ளி என்ற பொருளுக்குச் சான்று அதற்குப் பின்னரே கிடைக்கிறது. பேச்சுவழக்கில் புறப்பொருள் முன்பே இருந்திருக்கலாம். ஆனால் ஏட்டில் அச்சொல்லை முதலில் பதித்தவர்கள் சமய எழுத்தாளர்கள். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடந்தபடி, கையில் இல்லாத இரத்தக்கறையைத் தேய்க்கும் காட்சியில் ‘ஸ்பாட்’ வருவது இதனாலேயே வலிமை பெறுகிறது. கையிலுள்ள புள்ளி, உள்ளத்திலுள்ள பாவம் என இரண்டையும் நாடகம் பார்த்தவர்கள் ஒரே சொல்லில் கேட்டிருப்பார்கள்.

ஏட்டில் மை சிந்திய கறைக்கு ‘ப்ளாட்’. வில்லியம் ஹார்மன் 1519இல் வெளியிட்ட இலத்தீன் பாடநூலிலேயே மை ஒற்றும் தாள் பேசப்படுகிறது. நோயுலகில், கொப்புளத்தைக் குறித்த ‘பாக்’ என்பதன் பன்மையே ‘பாக்ஸ்’. பதினாறாம் நூற்றாண்டில் பரவிய மேகநோயைப் ‘பெரிய பாக்ஸ்’ என்றதால், பெரியம்மை ‘சின்ன பாக்ஸ்’ ஆயிற்று.

இலத்தீன் ‘மாகுலா’வுக்கோ இரட்டை வாழ்வு. புள்ளி என்பதோடு வலைக்கண் என்ற பொருளும் அதற்கு உண்டு. வலைக்கண் என்ற பொருளிலிருந்து பிரெஞ்சு வழியாக வளையங்கள் கோத்த போர்க்கவசத்துக்கு ‘மெயில்’ என்ற பெயர் வந்தது. மறுவற்றது என்னும் ‘இம்மாகுலேட்’, 1854இல் ஒன்பதாம் பயஸ் போப்பாண்டவர் அறிவித்த மரியன்னையின் அமல உற்பவக் கோட்பாட்டின் பெயரில் இருக்கிறது. கண்மருத்துவர்கள் விழித்திரையின் மஞ்சள் புள்ளிக்கு ‘மாகுலா’ என்றே இன்றும் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முதற்சான்று எந்த ஆண்டுக்குரியது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பதிவு செய்திருப்பதாலும், 1965இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2009இல் அச்சேறிய வரலாற்றுச் சொற்களஞ்சியம் அவற்றைப் பொருள்வாரியாக அடுக்கியிருப்பதாலுமே இத்தகைய ஆய்வு கைகூடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனோ மேற்கோள் நூல்களைத் தருகிறது, ஆண்டுகளைத் தருவதில்லை. மறு, மாசு, கறை, களங்கம், வடு என்ற சொற்களுக்குக் கல்வெட்டுகளையும் உரைகளையும் கொண்டு கால வரிசை அமைக்கும் பணியை இளம் ஆய்வாளர்கள் எடுத்துச் செய்ய வேண்டும்.