கேஸ் மாத்திரை: சில வாரத்துக்கு வந்தது, நிரந்தரமாகத் தங்கியது



ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டால் பேர் வாங்கிய ஊர் எங்கள் சூளூர்பேட்டை. பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. அங்கே மெடிக்கல் ஷாப்பில் 'கேஸ் மாத்திரை' என்றாலும் 'கேஸ் பில்ல' என்றாலும் பெரும்பாலும் கைக்கு வருவது ஒன்றுதான்: வெறும் வயிற்றில் போடும் ஓமிப்ரசோல் அல்லது பான்டோபிரசோல். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதை வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால் ஞாபகம் இருக்காது. இந்த மாத்திரையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஒரு காலத்தில் அல்சர் என்றால் பால், பத்தியம், ஆன்டாசிட் மருந்து. முற்றிவிட்டால் ஆபரேஷன், அமிலத்தைத் தூண்டும் நரம்பையே வெட்டுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக்கின் குழு கண்டுபிடித்த சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1981இல் ரானிடிடின். 1988இல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரா கம்பெனி ஓமிப்ரசோலைக் கொண்டுவந்தது. முந்தையவை அமிலத்தைத் தூண்டும் ஒரு வழியை அடைத்தன. இது அமிலம் இறைக்கும் பம்பையே நிறுத்தியது. அதே வருடம் பிளாக்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நம் நாட்டுக்கு இது மலிவாக வந்ததற்குக் காரணம் 1970ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம். மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். 2005 வரை இதுவே நிலை. அஞ்சி ரெட்டி 1984இல் ஹைதராபாத்தில் தொடங்கிய டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி, ஓமிப்ரசோலை 'ஓமெஸ்' என்ற பெயரில், அப்போதிருந்த மற்ற பிராண்டுகளின் பாதி விலைக்கு இறக்கியது. சாதாரணக் குடும்பங்களுக்கு இது பெரிய உபகாரம். மறுக்கவே முடியாது.

இதற்கிடையில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அல்சருக்கு முக்கியக் காரணம் ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கும் நோபல். அந்தக் கிருமிக்கு ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாடிக், கூடவே இந்த மாத்திரை. ஆக, பெரும்பாலான அல்சருக்கு மாத்திரையின் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது.

பிறகு ஏன் நிற்பதில்லை? பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்று உண்டு. ஒரு தடவை எழுதிக் கொடுத்தால், நிறுத்தச் சொல்லும் வரை பணம் போய்க்கொண்டே இருக்கும். இந்த மாத்திரையும் அப்படித்தான். ஆரம்பிக்க ஒரு டாக்டர் இருந்தார். நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

உடம்பும் ஒரு காரணம். 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரில் பாதிப்பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த அமிலம் திரும்பப் பொங்குகிறது. நாமோ வியாதி போகவில்லை என்று அடுத்த அட்டையை வாங்குகிறோம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் எலும்பு முறிவு, 2011இல் மக்னீசியக் குறைவு, 2012இல் கடுமையான வயிற்றுப்போக்குக் கிருமி என்று வரிசையாக எச்சரித்தது. 2019இல் நம் நாட்டிலும் சிறுநீரகப் பாதிப்பு எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்கள். பி12 குறைவதும் உண்டு. சைவம் சாப்பிட்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பயமுறுத்தவும் வேண்டாம். 17,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக மூன்று வருடம் கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2019இல் வந்தது. அதில் பான்டோபிரசோல் எடுத்தவர்களுக்குக் குடல் தொற்று மட்டுமே தெளிவாகக் கூடியிருந்தது. இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கும் வயதானவர்கள், முன்பு வயிற்றில் ரத்தம் கசிந்தவர்கள் போன்றோருக்கு இந்த மாத்திரை உயிர்க்காவல். அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

நம்மில் பலர் பெற்றோரைப் போனில்தான் கவனிக்கிறோம். அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு ஒன்று சேர்த்துக் கேளுங்கள்: "அம்மா, இந்தக் கேஸ் மாத்திரை யார் எழுதினது, எத்தனை நாளைக்கு எழுதினாங்க?" பதில் தெரியவில்லை என்றால் அந்தச் சீட்டோடு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைப்பதா, மெதுவாக நிறுத்துவதா, தொடர்வதா என்று அவர் முடிவு செய்யட்டும்.