மாற விடாத கூட்டம்

1984-ஆம் வருடம். கலிஃபோர்னியாவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். பத்தொன்பது வயது டேவ் லொம்பார்டோ இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார். தரையில் கம்பளம் கிடையாது, வெறும் சிமென்ட். அவர் மிதிக்கிற வேகத்துக்கு டிரம்ஸ் செட் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்று ஆளுக்கொரு பக்கம் நழுவி ஓடுகிறது. குழுவுக்கு விளக்கு போடும் வேலையில் இருந்த ஜீன் ஹொக்லன் என்ற பையனைக் கூப்பிட்டு, பாட்டு முடியும்வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் லொம்பார்டோ. ஹொக்லனும் பிடித்துக்கொண்டார். ‘கெமிக்கல் வார்ஃபேர்’ என்ற அந்தப் பாட்டு சுமார் ஆறு நிமிடம் ஓடும். இதை இன்னும் எத்தனை தடவை வாசிக்கப்போகிறாரோ என்பதுதான் அப்போது தன் கவலை என்று பிற்காலத்தில் சொன்னார் ஹொக்லன். அவரும் பின்னாளில் மெட்டல் உலகம் கொண்டாடும் டிரம்மர் ஆனார்.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மெட்டாலிகா, எக்ஸோடஸ் கதைகளைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். இது தெற்கே, லாஸ் ஏஞ்சலஸ் ஓரத்து ஹன்டிங்டன் பார்க்கில் 1981-இல் தொடங்கிய ஸ்லேயரின் கதை. த்ராஷ் மெட்டலின் ‘பெரிய நால்வர்’ பட்டியலில் மற்ற மூன்று குழுக்களும் (மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ்) ஏதோ ஒரு கட்டத்தில் வானொலிக்கோ, தொலைக்காட்சிக்கோ, காலத்துக்கோ கொஞ்சம் வளைந்து கொடுத்தார்கள். ஸ்லேயர் அநேகமாக வளையவே இல்லை. அதற்குப் பாதிக் காரணம் அவர்களுடைய பிடிவாதம். மீதிப் பாதி, அவர்களை வளைய விடாமல் காவல் காத்த ரசிகர்கள்.

கெர்ரி கிங், ஜெஃப் ஹேனமன் இருவரும் கிடார். டாம் அராயா பேஸ் கிடாரும் குரலும். சிலியின் கடற்கரை ஊரான வின்யா டெல் மாரில் பிறந்து, ஐந்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர் அராயா. லொம்பார்டோ பிறந்தது கியூபாவின் ஹவானாவில். பிற்பாடு நாஜி அனுதாபிகள் என்று பழி சுமந்த குழுவில் பாதிப் பேர் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்வோம்.

ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறும் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் வேலையில் இருந்தார் அராயா. முதல் ஆல்பமான ‘ஷோ நோ மெர்சி’ 1983 டிசம்பரில் வந்தது அவருடைய சேமிப்பையும், கிங்கின் அப்பாவிடம் வாங்கிய கடனையும் கொண்டுதான். வெளியிட்டவர் மெட்டல் பிளேடு என்ற சின்னக் கம்பெனியின் பிரையன் ஸ்லேகல். அவரிடம் நிறைய ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. சுற்றுப்பயணத்துக்கு அராயாவின் கமாரோ கார்தான் வண்டி. பின்னால் ஒரு வாடகை டிரெய்லரில் சாமான்கள்.

கிங்குக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் போன்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பிடிக்கும். ஹேனமன் ஒருநாள் பங்க் இசையில் போய் விழுந்தார். பிளாக் ஃப்ளாக், டெட் கென்னடிஸ், மைனர் த்ரெட் ஆகிய குழுக்களின் ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து மற்றவர்களைக் கேட்க வைத்தார். மெட்டலின் கனமும் பங்கின் அவசரமும் ஒரே அறையில் மோதிக்கொண்டதில் பிறந்ததுதான் ஸ்லேயரின் வேகம். அந்த வேகத்தின் முழு உருவம் 1986 அக்டோபரில் வெளியான ‘ரெயின் இன் பிளட்’.

இந்த ஆல்பத்தின் கதை தனியாகவே ஒரு தொடருக்குத் தாங்கும். தயாரிப்பாளர் ரிக் ரூபின். அவருடைய டெஃப் ஜாம் கம்பெனி ஹிப் ஹாப் இசைக்குப் பெயர் போனது. மெட்டல் ஆல்பம் எதையும் அதுவரை அவர் செய்ததில்லை. அதுவே வரமாயிற்று. அந்தக் காலத்து மெட்டல் பதிவுகளில் குகைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு எதிரொலி சுற்றிக்கொண்டிருக்கும். ரூபின் அதைத் துடைத்து எடுத்துவிட்டார். இவ்வளவு வேகமாக வாசிக்கும்போது எதிரொலி சேர்ந்தால் எல்லாம் குழைந்து கூழாகிவிடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. டிரம்ஸ் காதுக்குப் பக்கத்தில் அடித்தது. ஒவ்வொரு கிடார் நரம்பும் தனித்துக் கேட்டது.

பதிவு முடிந்து கூட்டிப் பார்த்தால் பத்துப் பாட்டும் சேர்ந்து 29 நிமிடம்கூட இல்லை! இது ஆல்பமாகுமா என்று பையன்களுக்கே சந்தேகம். பத்துப் பாட்டு இருக்கிறது, பல்லவி சரணம் எல்லாம் இருக்கிறது, அப்புறம் என்ன என்று முடித்துவிட்டார் ரூபின். கேசட்டின் இரண்டு பக்கங்களிலும் முழு ஆல்பத்தையும் பதிந்து விற்றார்கள். ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போட்டால் மறுபடி முதல் பாட்டு. கேசட்டைத் திரும்பச் சுற்றும் வேலை மிச்சம்.

அந்த முதல் பாட்டுதான் வம்பு. ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ என்ற அது, ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள் மீது கொடூரச் சோதனைகள் நடத்திய நாஜி மருத்துவன் யோசஃப் மெங்கலே பற்றியது. சுற்றுப்பயணத்தில் வாங்கிப் படித்த புத்தகங்களை வைத்து ஹேனமன் எழுதினார். டெஃப் ஜாமின் விநியோகஸ்தரான கொலம்பியா, அந்தப் பாட்டையும் லாரி கேரல் வரைந்த நரக அட்டைப் படத்தையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. கெஃபன் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆனால் தன் வெளியீட்டுப் பட்டியலில் ஆல்பத்தின் பெயரைப் போடவில்லை. கல்யாணம் உண்டு, பத்திரிகை கிடையாது!

ஹேனமன் நாஜியா? அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களை எதிர்த்துச் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய். போரில் கிடைத்த ஜெர்மன் பதக்கங்களை மகனுக்குக் கொடுத்தார். மகனுக்கு அதுவே சேகரிக்கும் பழக்கமானது. மெங்கலே கெட்டவன் என்று பாட்டில் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்பது அவருடைய வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ரசிகர் மன்றத்தின் பெயரிலேயே ஹிட்லரின் ராணுவத்தைக் குறிக்கும் ‘வேர்மாக்ட்’ என்ற ஜெர்மன் சொல்லைச் சேர்த்துக்கொண்டதற்கு என்ன சமாதானம் சொல்வது? அதிர்ச்சி தருவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. முகாம்களில் குடும்பத்தை இழந்தவர்களுக்கு அது விளையாட்டாக இருக்க முடியாது. இசையை ரசிப்பவன் என்பதற்காக இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

‘ரெயின் இன் பிளட்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 94-ஆம் இடம் வரைதான் ஏறியது. வானொலி அண்டவில்லை. விற்றுக் கொடுத்தவர்கள் ரசிகர்கள்தான்.

அந்த ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் ஸ்லேயர் கதை நகராது. குழுவின் பெயரை அடித்தொண்டையில் நீட்டிக் கத்துவது அவர்களுக்கு வணக்கம், அடையாள அட்டை, எல்லாமே. ஸ்லேயருக்கு முன்னால் வாசிக்க வந்த குழுக்களுக்கு அந்தக் கத்தல்தான் எமன். நம் சபாக்களில் மத்தியானக் கச்சேரி செய்கிறவருக்குக் காலி நாற்காலிதான் பிரச்சினை. இங்கே நிரம்பிய நாற்காலிதான் பிரச்சினை. 1991-இல் மெகாடெத், ஆந்த்ராக்ஸோடு சேர்ந்து அமெரிக்காவைச் சுற்றியபோது முதலில் மேடையேறிய குழு ஆலிஸ் இன் செயின்ஸ். பின்னால் உலகப் புகழ் பெறப்போகிற குழு என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியுமா? எச்சில் பறந்தது, பாட்டில் பறந்தது. அவர்கள் ஓடாமல் நின்று வாசித்தார்கள். நின்ற ஒரே காரணத்துக்காக அதே ரசிகர்கள் அப்புறம் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள்.

1988 ஆகஸ்டில் ஹாலிவுட் பல்லேடியம் அரங்க வாசலில் ரசிகர்களுக்கும் போலீசுக்கும் மோதல். அதே மாதக் கடைசியில் நியூயார்க்கின் ஃபெல்ட் ஃபோரத்தில் இருக்கைகளின் மெத்தைகளைப் பிய்த்து மேடையை நோக்கி வீசினார்கள். ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ ஆல்பத்தின் (1994) தட்டில், முன்கையில் குழுவின் பெயரைக் கத்தியால் கீறிக்கொண்ட ஒரு ரசிகரின் படத்தையே அச்சிட்டது ஸ்லேயர். ரசிகனின் வெறியை எடுத்து அவனுக்கே திருப்பி விற்பது. அந்த ஆல்பம் எட்டாம் இடம் பிடித்தது.

வெறும் முரட்டுக் கூட்டம் என்று ஒதுக்கவும் முடியாது. மேடைக்கு முன்னால் வட்டமாக இடம் விட்டு, இடித்துக்கொண்டு சுற்றி ஓடுவார்களே, அந்த மாஷ் பிட்டில் விழுந்தவனை நாலு கை சேர்ந்து தூக்கி நிறுத்திவிட்டுத்தான் அடுத்த இடி. இது எங்கும் எழுதி வைக்காத சட்டம்.

இந்தக் கூட்டம் குழுவிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: மாறாதே. 1991-இல் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்து கோடிகளில் விற்றபோது, பழைய ரசிகர்கள் பலர் துரோகம் என்றார்கள். 1988-இல் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ ஆல்பத்துக்காக ஸ்லேயரும் கொஞ்சம் நிதானித்தது உண்டு. ஆனால் அது பயமுறுத்துகிற நிதானம் என்பதால் தப்பித்தது. பத்து வருடம் கழித்து, அன்றைய நாகரிகமான நியூ மெட்டல் சாயலோடு ‘டயாபோலஸ் இன் மியூசிகா’ வந்தபோது முணுமுணுப்பு பலமாக இருந்தது. கிங்கே பிற்பாடு அந்த ஆல்பத்தைக் குறைத்துப் பேசினார். அடுத்த ஆல்பத்தில் பழைய உறுமலுக்குத் திரும்பினார்கள். அது கடைக்கு வந்த நாள் 2001 செப்டம்பர் 11. ‘கடவுள் நம் எல்லோரையும் வெறுக்கிறார்’ என்று பொருள்படும் தலைப்போடு!

அந்தத் தலைப்பின் கீழ் பாடியவர் அராயா. தான் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கன் என்று பல பேட்டிகளில் சொன்னவர். கடவுள் மறுப்பாளரான கிங் எழுதிக் கொடுப்பார், இவர் பாடுவார். என் நம்பிக்கை வேறு, பாட்டு வேறு என்பது அவர் நிலை. எல்லோரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை; ஒரு கொலையை வைத்து குழு மீது வழக்கும் வந்தது. 1995-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பதின்வயதுப் பெண்ணைக் கொன்ற இளைஞர்கள் ஸ்லேயர் பாட்டால் தூண்டப்பட்டார்கள் என்று அந்தப் பெண்ணின் பெற்றோர் தொடுத்த அந்த வழக்கு 2001-இல் தள்ளுபடியானது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 2006-இல் வந்த ‘கிரைஸ்ட் இல்யூஷன்’ ஆல்பத்தின் அட்டையில், கைகள் துண்டிக்கப்பட்ட இயேசு. மும்பையின் கத்தோலிக்க அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததும் ஈஎம்ஐ இந்தியா ஆல்பத்தைத் திரும்பப் பெற்று அழித்தது. சில மாதத்தில் அதே ஆல்பத்தின் ‘ஐஸ் ஆஃப் தி இன்சேன்’ பாட்டுக்கு கிராமி விருது! 2012 அக்டோபரில் ஸ்லேயரே பெங்களூருவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனது. அதற்குள் அயர்ன் மெய்டனையும் மெட்டாலிகாவையும் பார்த்துப் பழகியிருந்த ஊர் அது.

பெங்களூரு மேடையில் ஹேனமன் இல்லை. அவர் இடத்தில் எக்ஸோடஸின் கேரி ஹோல்ட். 2011 தொடக்கத்தில் சிலந்தி கடித்து, கையின் சதையை அழுகச் செய்யும் தொற்று வந்து, ஹேனமனுக்கு அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. அந்த ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் இண்டியோவில் பெரிய நால்வரும் கூடிய கச்சேரியில் கடைசி இரண்டு பாட்டுக்கு மட்டும் வந்து நின்றார். அதுதான் அவருடைய கடைசி மேடை. 2013 மே 2-ஆம் தேதி இறந்தபோது வயது 49. காரணம் சிலந்தி அல்ல, குடியால் கெட்ட கல்லீரல். அஞ்சலிக் கூட்டத்தைப் பல்லேடியத்தில் நடத்தி, ரசிகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். 1988-இல் மோதல் நடந்த அதே அரங்கம்.

அதே வருடத் தொடக்கத்தில் லொம்பார்டோவும் போயிருந்தார். சுற்றுப்பயண வருமானத்தில் பெரும்பகுதி செலவுக் கணக்கிலேயே கழிந்துவிடுகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். கணக்கு கேட்ட ஆளுக்குக் கச்சேரி இல்லை. மாறாத குழு என்று ரசிகர்கள் கொண்டாடிய குழுவில் அப்போது மிஞ்சியது இரண்டு பேர். அராயாவுக்கு 2010-இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. முப்பது வருடம் தலையைச் சுழற்றிய மனிதர் அதற்குப் பிறகு அசையாமல் நின்று பாடினார். மாறாமல் இருப்பதற்கு உடம்பு கொடுத்த விலை அது. ஆனாலும் 2015-இல் வந்த ‘ரிபென்ட்லெஸ்’ நாலாம் இடம் பிடித்தது. ஸ்லேயர் எட்டிய உச்சம் அதுதான். ஹேனமன் அதைப் பார்க்கவில்லை.

2018-இல் விடைபெறும் பயணம் அறிவித்து, 2019 நவம்பர் 30-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஃபோரம் அரங்கில் முடித்தார்கள். அராயாவுக்கு ஊரோடு இருக்கவேண்டும். கிங்குக்கோ சீக்கிரம் முடித்துவிட்டோம் என்ற ஆதங்கம். ஐந்து வருடம்கூட ஓடவில்லை. 2024 செப்டம்பரில் சிகாகோவில் மறுபடி மேடை ஏறினார்கள். அழுது வழியனுப்பியவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொண்டே டிக்கெட் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

2025 ஜூலை 5-ஆம் தேதி, பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத்தின் விடைபெறும் கச்சேரி. ஸ்லேயர் வாசித்தது. மெட்டாலிகாவும் ஆந்த்ராக்ஸும் வாசித்தன. பெரிய நால்வரில் அங்கே இல்லாதது மெகாடெத் மட்டும். 1984-இல் கெர்ரி கிங்கே கொஞ்ச நாள் கிடார் வாசித்துக் கொடுத்த குழு அது. மெட்டாலிகாவிலிருந்து துரத்தப்பட்டு, நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்ட ஒருவரின் ஆத்திரத்தில் பிறந்தது. அந்த டேவ் மஸ்டேன் அடுத்த வாரம் வருகிறார்.

(தொடரும்)