பல்லும் முதுமையும்: கல்கத்தா கற்பித்த பாடம்

"பல் போனால் சொல் போயிற்று" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? கடித்து உண்ணும் உணவு போகிறது. உணவின் சுவை போகிறது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் போகிறது. ஆயினும் நம் முன்னோர் இவ்விழப்பை ஒரு நோயின் விளைவென்று கருதவில்லை. தலை நரைப்பதுபோல, தோல் சுருங்குவதுபோல, பல் விழுவதும் வயதின் இயல்பே என்று கொண்டு அமைந்தனர். இன்றும் பல இல்லங்களில் நிலவும் கருத்து அதுவே.

மருத்துவ அறிஞர் இக்கருத்தை ஏற்பதில்லை. பற்கள் வயதால் விழுவதில்லை, பெரும்பாலும் நோயால் விழுகின்றன, அந்நோய்களுள் மிகுதியானவை தடுக்கத்தக்கவை என்பது அவர்கள் முடிவு. பல்லைப் பிடுங்குவது ஒரு கைத்தொழில். பல்லைக் காப்பதோ ஒரு கல்வி. இவ்வேறுபாட்டை இந்திய நாட்டில் ஒரு கல்லூரியின் வாயிலாக முதன்முதல் நிலைநாட்டிய நகரம் கல்கத்தா. அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கல்கத்தாவிலும் சென்னையிலும் மருத்துவக் கல்லூரிகள் 1835-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டன. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிறுவப்பட்டது. ஆனால் இந்தியாவில் பல்லுக்கென ஒரு கல்லூரி எழ, அதன் பின்னும் எண்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. அதுவரை பல்வலி கொண்டவனுக்குக் குறடு ஏந்திய நாவிதரும், சந்தையில் துணி விரித்து அமர்ந்த பல் பிடுங்குவோருமே துணை. கல்கத்தாவில் மற்றொரு கூட்டத்தாரும் இருந்தனர். சீன நாட்டின் ஹூபே மாநிலத்திலிருந்து குடியேறிய சில குடும்பத்தார் பல் கட்டும் தொழிலைத் தந்தையிடமிருந்து மகன் கற்கும் குலத்தொழில்போல நடத்திவந்தனர். அவர்கள் கைத்திறனுக்கு நகரத்தில் நல்ல பெயர் இருந்தது. ஆனால் தொழிலைக் கற்பிக்கும் பள்ளியோ, அளந்து பார்க்கும் தேர்வோ, முறைப்படுத்தும் சட்டமோ இல்லை.

இந்நிலையில் தோன்றியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்கத்தில் பிறந்த அவர், அலிகாரில் பயின்றபின் அமெரிக்கா சென்றார். அயோவாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் கற்று 1915-இல் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென 1914-இல் திறக்கப்பட்டிருந்த ஃபோர்சைத் பல் மருத்துவ நிலையத்தில் பணியாற்றினார்.

அவர் பயின்ற அந்நாள்களில் மேலை நாட்டு மருத்துவ உலகை ஒரு புதிய கொள்கை ஆட்டிப்படைத்தது. வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர், 1910-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். சீழ்ப்பிடித்த வேர்களின்மீது உறையிட்டு மூடும் வழக்கத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். அச்சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்றார். அவர் சுட்டிய குறை உண்மையானது. ஆனால் அதனைக் கேட்டோர் எல்லை கடந்தனர். மூட்டுவலியா, மனச்சோர்வா, எதுவாயினும் பற்களைக் களைந்துவிடுக என்னும் வழக்கம் பரவி, இருபது முப்பது ஆண்டுகள் நீடித்தது. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரால் மலிவாகப் பல்செட்டு செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிலேயே வந்துவிட்டமையால், பல்லை இழப்பது பெரிய இழப்பாகவும் தோன்றவில்லை. முதியோர் என்றால் பல்செட்டு என்னும் எண்ணம் கற்றவர் உள்ளத்திலும் வேரூன்றிற்று.

1919-இல் தாயகம் திரும்பிய அகமது, அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. பொருளுதவிக்கு அவர் எவரையும் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் கண்ட முறையில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் பெயரில் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியை நடத்தினார். பல்லுக்குப் பகையான இனிப்பே பல் மருத்துவக் கல்விக்குச் செவிலித்தாய் ஆயிற்று என்று நாம் புன்னகை செய்யலாம். இக்கல்லூரியில் பயின்றவர்களுள் ஒருவர் பாத்திமா ஜின்னா. அவர் 1923-இல் பம்பாயில் பல் மருத்துவ நிலையம் திறந்தார்.

1925-இல் அகமது பல் மருத்துவத்திற்கென ஓர் இதழைத் தொடங்கி, 1946 வரை அதன் ஆசிரியராக விளங்கினார். அதே ஆண்டில் வங்காளப் பல் மருத்துவர் சங்கமும் அவர் முயற்சியால் எழுந்தது. 1928-இல் மாணவர்க்கென ஒரு கைந்நூல் வெளியிட்டார். அந்நூலின் பொருளை நாம் கவனித்தல் வேண்டும். சொத்தையைச் சுரண்டி, குழியை அடைத்து, பல்லை வாயிலேயே நிறுத்திவைக்கும் சிகிச்சை முறையைப் பற்றியது அது. உலகம் பல்லைக் களைவதில் முனைந்திருந்த காலத்தில், கல்கத்தா மாணவன் பல்லைக் காக்கும் பாடத்தைக் கற்றான்.

1939-இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1948-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. முறையாகப் பயின்றவர்க்கு ஒரு பதிவேடும், பட்டமின்றியே நெடுநாள் தொழில் செய்துவந்தவர்க்கு மற்றொரு பதிவேடும் அச்சட்டம் வகுத்தது. பழையவரை ஒரேயடியாகத் தள்ளாமல் புதியதை நிறுவும் பெருந்தன்மை அதில் இருந்தது. இச்சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

1949-இல் அகமது தம் கல்லூரியை அரசுக்கே நன்கொடையாக வழங்கினார். பின்னர் டாக்டர் விதான் சந்திர ராயின் அமைச்சரவையில் வேளாண்மை முதலிய துறைகளை ஏற்றார். 1964-இல் பத்ம பூஷண் விருது பெற்று, 1965-இல் மறைந்தார். சியால்தாவுக்கு அருகே அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த நாள் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்வி 1953-இல் தொடங்கியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இவ்வளவு பணியிலும் முதியோருக்கென்று தனியிடம் ஒன்றும் இல்லையே என்று நேயர்கள் கேட்கக்கூடும். காரணம் எளிது. 1951-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. குழந்தை மரணங்கள் மிகுதியாயிருந்ததே அக்கணக்கு அவ்வளவு தாழ்ந்ததற்கு முதற்காரணம். ஆயினும் எழுபதைக் கண்டவர் அந்நாளில் சிலரே. இன்று சராசரி ஆயுள் எழுபதை ஒட்டி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர். ஆயுள் நீண்டது, ஆனால் பல்லைப் பற்றிய பழைய எண்ணம் மட்டும் நீங்கவில்லை.

முதியோர் வாயில் நிகழ்வது யாது? முதலாவது ஈறுநோய். பல்லின் அடியில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. அதில் வாழும் கிருமிகளால் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. பெரும்பாலும் வலி இராது. பல் ஆடும்போதுதான் நோய் தெரியும். நீரிழிவு உடையவர்க்கு இந்நோய் விரைந்து முற்றும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

இரண்டாவது வேர்ச்சொத்தை. ஈறு கீழிறங்கினால் பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்குப் பல்லின் மேற்பகுதிபோல வலிய மேற்பூச்சு இல்லை. ஆதலின் அது எளிதில் அரிபடும்.

மூன்றாவது வாய் வறட்சி. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை முதலியவற்றிற்கு உண்ணும் மருந்துகளுட் பல உமிழ்நீரைக் குறைக்கின்றன. உமிழ்நீரே வாயின் இயற்கைக் காவலன். காவலன் நீங்கினால் சொத்தையும் பூஞ்சையும் புகும். நாவறட்சி தீர இனிப்பு மிட்டாயைச் சுவைப்போர் நோயைத் தாமே வளர்ப்போராவர்.

இவற்றினும் கொடியது வாய்ப்புற்று. வங்காளிக்கும் தமிழனுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டென்றால் அது தாம்பூலம். விருந்தின் நிறைவு, மங்கலத்தின் அடையாளம் என இரு நாட்டாரும் அதனைப் போற்றினர். ஆனால் பாக்கின் தீங்கை மருத்துவம் படிப்படியாகக் கண்டறிந்தது. வாயின் உட்புறத் தோல் தடித்து நாராகி, வாயைத் திறக்கவே இயலாமற்போகும் ஒரு நோயை, கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு 1952-இல் ஒரு மருத்துவர் எழுதினார். அதற்குப் பாக்கே முதற்காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை விளைவிப்பதே என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி கூறியது. ஐம்பது ஆண்டுகள் மென்றதன் விளைவு முதுமையில் வெளிப்படுகிறது.

கல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2-ஆம் நாள் திறந்துவைத்தவர், மேரி கியூரியின் மகளாரான ஐரீன் ஜோலியோ கியூரி. அந்நிறுவனத்தின் இரண்டாம் வளாகம் 2022-இல் நியூ டவுனில் திறக்கப்பட்டது. டாடா அறநிலையினர் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையும் 2011 முதல் அங்கேயே இயங்குகிறது. இவ்வாறு அகமது தொடங்கிவைத்த பணியின் தொடர்ச்சியை நாம் இன்று நியூ டவுனிலும் காணவேண்டியிருக்கிறது.

நியூ டவுன் புதிய ஊர். நகரத்தின் கிழக்கே, ராஜர்ஹாட் பகுதியின் வயல்களும் மீன் வளர்க்கும் நீர்நிலைகளும் இருந்த இடத்தில், 1999-இல் அமைந்த அரசு நிறுவனமாகிய ஹிட்கோவின் முயற்சியால் எழுந்தது. கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞருக்காக எழுந்த ஊர் என்று அதனை எண்ணுவோர் பலர். ஆனால் முதியோருக்கெனவே அங்கு 'ஸ்வப்ன போர்' என்னும் பூங்காவும், 'ஸ்நேஹோதியா' என்னும் உறைவிடமும் அமைந்துள்ளன. இளைஞர் தேடிச்சென்ற ஊர்களில், அவரை நாடிப் பெற்றோரும் வந்து சேர்கின்றனர்.

தமிழகத்திலிருந்து அவ்வாறு வந்து தங்கும் முதியோர்க்கு மொழியும் ஒரு தடை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது நன்கு விளங்கும். பல்லை வங்காளிகள் 'தாந்த்' என்பர். தந்தம் என்னும் சொல்லை அறிந்த நமக்கு அது புரிந்துவிடும். ஆனால் ஈற்றை அவர்கள் 'மாடி' என்பர். மாடி வீங்கியிருக்கிறதா என்று மருத்துவர் வினவினால், நம் ஊர்ப் பாட்டி மேல்தளத்தை அன்றோ நோக்குவார்? நகைப்புக்குரிய இச்சிறு தடையும், வலியைச் சொல்லாமல் மறைப்பதற்குப் போதிய காரணமாகிவிடும். மருத்துவமனைக்கு உடன் செல்லும் மகனும் மருமகளும் மொழிபெயர்ப்பாளராகவும் அமைதல் வேண்டும்.

எண்ணம் மாறினால் நிலைமை மாறும் என்பதற்கு ஜப்பானே சான்று. எண்பது வயதிலும் இருபது பற்கள் என்னும் குறிக்கோளை அந்நாட்டார் 1989-இல் மேற்கொண்டனர். அப்போது எண்பது வயதினருள் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பற்கள் இல்லை. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இருந்தன. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் மனிதனின் முதுமை மாறிவிடவில்லை. முதுமையைப் பற்றிய எண்ணமும், வாயைப் பேணும் முறையுமே மாறின.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை அரியன அல்ல. ஃப்ளூரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் மெல்லிய தூரிகையால் துலக்குதல். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இட்டுவைத்தல். உண்ணும் மருந்துகள் யாவற்றையும் பல் மருத்துவரிடம் கூறுதல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாயைக் காட்டுதல் ஆகியவையே அவை. பற்கள் யாவும் போனவருக்கும் இக்கடைசி விதி பொருந்தும். புற்று பல்லைப் பார்த்து வருவதன்று. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெண்மையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, வரவரக் குறுகும் வாய்த்திறப்பு ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. தொடக்கத்தில் கண்ட புற்றைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

முதியோர் தம் வாய்நோயை எளிதில் வெளியிடுவதில்லை. முதலில் முறுக்கை ஒதுக்குவர், பிறகு சப்பாத்தியை, பிறகு காய்களை. குழைந்த சோறும் மோரும் போதும் என்பர். வயதாகிவிட்டது, பசி குறைந்துவிட்டது என்று வீட்டார் எண்ணிக்கொள்வர். குறைந்தது பசிதானா, அன்றி மெல்லும் ஆற்றலா என்று அன்றைக்கே வினவுவது வீட்டாரின் கடமை.