உப்பு, சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர்

இன்னைக்கு எபிசோட் பூதலூர்ல ஆரம்பிக்குது. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவுல இருக்கிற என் அப்பாயி ஊர்.

1958-ல அப்பாயியோட முதல் பையன் ரெண்டு வயசுல வாந்திபேதியில போயிட்டார். எனக்குப் பெரியப்பாவா இருந்திருக்க வேண்டியவர். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்னாங்க. புள்ள தண்ணி கேட்டுச்சு, நான் குடுக்கல." எண்பது வயசுலயும் அப்பாயி இதைச் சொல்லி அழுவாங்க.

வயிற்றுப்போக்குல உயிரை எடுக்கிறது பெரும்பாலும் உடம்பு இழக்கிற நீரும் உப்பும்தான். காலராவில் சில மணி நேரத்திலேயே ஆள் போயிடலாம். அன்னைக்கு இருந்த உறுதியான வைத்தியம் நரம்புல ஏத்துற சலைன். அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேணும்.

1960-ல ராபர்ட் கிரேன் ஒரு விஷயத்தை விளக்கினார். குடல் சுவர்ல ஒரு கதவு இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தாதான் அது திறக்கும். நம்ம பாஷையில டூ ஃபேக்டர் லாகின்! ரெண்டும் உள்ள போனா தண்ணியும் பின்னாடியே போகும். காலரா வந்த குடல்லயும் இந்தக் கதவு வேலை செய்யும். 1968-ல டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளுக்குக் கொடுத்து நிரூபிச்சாங்க.

1971, வங்கதேசப் போர். எல்லையில இருக்கிற பொங்காவ் அகதி முகாம்ல காலரா. சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூணையும் தண்ணியில கலந்து டிரம்ல வெச்சார். நோயாளியோட சொந்தக்காரங்களே டம்ளர்ல மொண்டு கொடுத்தாங்க. 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, 3.6 சதவீதமா இறங்குச்சு. 2022-ல அவர் மறைஞ்சார். 2023-ல பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

இப்போ நமக்கு. பேதி ஆரம்பிச்சதும் ஓ.ஆர்.எஸ். கொடுங்க. பாக்கெட் இல்லன்னா, காய்ச்சி ஆறவெச்ச ஒரு லிட்டர் தண்ணியில தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க.

மலத்துல ரத்தம், குடிச்சதெல்லாம் வாந்தி, கண் குழி விழுறது, ஆறு மணி நேரமா சிறுநீர் இல்லாதது, குழந்தை துவண்டு தூங்கிக்கிட்டே இருக்கிறது, கஞ்சித்தண்ணி மாதிரி நிக்காம போறது: இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆறு மாசத்துக்குக் குறைவான குழந்தைன்னா காத்திருக்கவே வேண்டாம்.

போன தடவை ஊருக்குப் போனப்போ அந்தக் கதவுக் கதையை அப்பாயிகிட்ட சொன்னேன். "அப்போ யாருக்குமே தெரியாதா?"ன்னு கேட்டாங்க. "கதவு இருக்கிறதே ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது அப்பாயி"ன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.