விடியற்காலை வயலின்

பின்னால் தம்புரா சுருதி. அதன் மேல் ஒற்றை வயலின். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், சொன்னதையே திருப்பிச் சொல்லும். பாட்டு வரி எதுவும் கிடையாது. ஐம்பது வயதை நெருங்கும் யாரிடமாவது "காலையில் ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிக்கும்போது போடுவார்களே, அந்த மியூசிக்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம்தான் ரேடியோவைப் பற்றிப் பேசுவார். பிறகு டிகாஷன் வாசனை, வாசல் தெளிக்கும் சத்தம், ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் கிளம்பியது, அப்போது உயிரோடு இருந்த தாத்தா என்று எங்கேயோ போய்விடுவார்.

அது அகில இந்திய வானொலியின் அடையாள இசை. 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு தனியார் கம்பெனி ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நொடித்துப்போய் அரசாங்கத்தின் கைக்கு வந்து, 1936 ஜூன் 8 அன்று ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரைப் பெற்றது. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் வந்தன. வந்தே மாதரத்துக்கும் மங்கள இசைக்கும் முன்னால் இந்த வயலின் ஒலிக்கும். சிவரஞ்சனி ராகத்தின் சாயல் என்பார்கள். வாசித்தவர் மெஹ்லி மேத்தா, அதாவது ஜூபின் மேத்தாவின் அப்பா, என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இசையமைத்தவர் யார் என்பதுதான் ஆச்சரியம். பொதுவாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட பெயர் வால்டர் காஃப்மன். 1907-இல் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாட் ஊரில் பிறந்த யூதர். பெர்லினிலும் பிராகிலும் இசை படித்தவர். பிராகில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டிய நேரத்தில், தன் பேராசிரியர் நாஜி ஆதரவாளர் என்று தெரிந்ததும் பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1934-இல் பம்பாய்க்குக் கப்பலில் வந்து இறங்கினார். ஏன் இந்தியா என்றால், விசா சுலபமாகக் கிடைத்தது என்பதும் ஒரு காரணம். நம்மில் பல பேர் ஊரை விட்டுக் கிளம்பிய காரணமும் இவ்வளவு சாதாரணமானதுதானே!

முதலில் கேட்டபோது இந்திய இசை அவருக்குக் கொஞ்சமும் புரியவில்லை. ஆனால் இத்தனை பேர் உயிராக நினைக்கும் சங்கீதம் எனக்குப் புரியாவிட்டால் குறை என்னிடம்தான் என்று முடிவு செய்து, உட்கார்ந்து படித்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் கவனித்தார். பிறகு இங்கிலாந்து, கனடாவின் வின்னிபெக், கடைசியில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம். வட இந்திய ராகங்களைப் பற்றியும் தென்னிந்திய ராகங்களைப் பற்றியும் பெரிய புத்தகங்கள் எழுதினார். 1984-இல் இறந்தார்.

அவருடைய முதல் மனைவி கெர்டி, எழுத்தாளர் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். காஃப்காவின் மூன்று தங்கைகளையும் நாஜிகள் கொண்டுபோனார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. கோடிக்கணக்கான இந்தியர்களுக்கு வீட்டு ஞாபகத்தைக் கொண்டுவரும் இசையைக் கொடுத்தவருக்கு, திரும்பிப் போக அந்தப் பழைய வீடு மிஞ்சவில்லை.

காலையில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியையும் நினைத்துப் பாருங்கள். மும்பையில் பிறந்து வளர்ந்தவர், தில்லியில் இருந்து பேசியவர், 2022-இல் மும்பையிலேயே காலமானார். தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் காலைப் பொழுதின் குரலாக இருந்தது, வெளியூர்த் தமிழச்சி ஒருவரின் குரல்!

ஆக, ஞாபகத்தைக் கிளப்புவதற்கு ஒரு ஓசை நம் ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. தினமும், அதே நேரத்தில், அதே மனிதர்கள் சுற்றி இருக்கும்போது கேட்டிருந்தால் போதும். கலிபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களின் சிறுவயதுப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி மூளையை ஸ்கேன் செய்தார். பழைய ஞாபகம் கிளம்பியபோது நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. பாட்டைத் தொடர்வதும் வாழ்க்கையின் ஞாபகங்களைக் கோப்பதும் அங்கே சேர்ந்து நடக்கின்றன என்றார்.

இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே நிரூபித்தவர்கள் வங்காளிகள். உங்கள் அடுக்ககத்தில் வங்காளிக் குடும்பம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மகாளய அமாவாசை அன்று விடியற்காலை நாலு மணிக்கு கல்கத்தா வானொலியில் 'மகிஷாசுரமர்த்தினி'. பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல். 1930களின் தொடக்கத்தில் இருந்து வருவது. 1976-இல் வானொலிக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, சூப்பர்ஸ்டார் உத்தம் குமார் குரலில், ஹேமந்த குமார் இசையில் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். எமர்ஜென்சி காலம். அப்படியும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் பழைய ஒலிப்பதிவையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அப்பா எழுப்பிவிட, போர்வைக்குள் இருந்தபடி கேட்ட குரலை வேறொரு குரலால் ஈடுகட்ட முடியவில்லை.

நம் கதைக்கு வருவோம். போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்திருந்த காலத்தில், வீட்டுக்கு ஒரு பெட்டி. எல்லோரும் அதைத்தான் கேட்டாக வேண்டும். இப்போது புனேயிலும் பெங்களூரிலும் குர்காவ்னிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஹெட்போன். அவரவர் பாட்டு அவரவர் காதில். பாட்டுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்பதுதான் குறைந்துவிட்டது. தமிழ் மறந்துவிடுமே என்று வகுப்பு தேடி அலைகிறோம். அதோடு, தினமும் காலையில் சமையலறையில் ஏதாவது ஒன்றைச் சத்தமாக ஒலிக்கவிடலாம். சுப்ரபாதமோ, நாகூர் அனிபாவோ, இளையராஜாவோ, எதுவானாலும் சரி. "தினமும் இதேதானா?" என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். முப்பது வருஷம் கழித்து வேறு ஏதோ ஒரு ஊரில் அது காதில் விழும்போது, இந்த வாடகை வீடுதான் அவர்களுக்குச் சொந்த ஊராக ஞாபகம் வரும்.