ஸ்டீராய்டு மருந்துகளால் தசைநாண் அறுதல்

ஸ்டீராய்டு மருந்துகளால் தசைநாண் அறுதல் என்பது கார்ட்டிகோஸ்டீராய்டு வகை மருந்துகளை உட்கொள்வோரிடம், சிறப்பாக 60 வயதைக் கடந்தவர்களிடம், அரிதாக ஏற்படும் பக்கவிளைவு ஆகும். தசையை எலும்புடன் இணைக்கும் உறுதியான நார்க்கற்றை தசைநாண் எனப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் குதிகால் தசைநாணே (அக்கிலீஸ் தசைநாண்) பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது.

காரணங்கள்

தசைநாணின் வலிமைக்குக் கொலாஜன் என்னும் புரத இழைகளே அடிப்படை. பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் கொலாஜன் உருவாவதைக் குறைக்கின்றன. சிதைந்த இழைகள் சீரடைவதையும் தாமதப்படுத்துகின்றன. முதுமையில் இவ்விழைகள் இயல்பாகவே நெகிழ்வை இழக்கின்றன. குதிகால் எலும்பிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 6 செ.மீ. மேலுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கேயே அறுதல் மிகுதியாக நிகழ்கிறது.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளுடன் சேரும்போது

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் முதலிய ஃபுளோரோகுயினோலோன் வகை நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. இவற்றை ஸ்டீராய்டுடன் சேர்த்து உட்கொண்டால் இடர் மேலும் கூடுகிறது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றும்போது ஸ்டீராய்டும் நுண்ணுயிர் எதிர்ப்பியும் ஒருங்கே தரப்படுவதுண்டு என்பதால், முதிய நோயாளிகளுக்கு இது முக்கியமானதாகும். 2008ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இம்மருந்துகளின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கப் பணித்தது. இவ்விரு மருந்துகளையும் சேர்த்துத் தருவதைத் தவிர்க்குமாறு ஐரோப்பிய மருந்துகள் முகமை 2018இல் அறிவுறுத்தியது.

அறிகுறிகள்

குதிகாலுக்கு மேல் வலி, வீக்கம், காலையில் விறைப்பு ஆகியவை முன்னறிகுறிகளாகும். அறும்போது வெடிப்பது போன்ற ஒலியும், பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வும் ஏற்படலாம். அதன்பின் நுனிக்காலில் நிற்க இயலாது. குப்புறப் படுத்த நிலையில் கெண்டைக்காலை அழுத்தும்போது பாதம் அசையாதிருப்பது அறுதலைக் காட்டும். நுண்ணுயிர் எதிர்ப்பியைத் தொடங்கிய இரு நாட்களுக்குள்ளும், நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் பாதிப்பு தோன்றக்கூடும். சிலருக்கு இரு கால்களிலும் ஏற்படுவதுண்டு.

தடுப்பும் சிகிச்சையும்

வலி தோன்றியவுடன் காலுக்கு ஓய்வு தந்து மருத்துவரை அணுகவேண்டும். ஃபுளோரோகுயினோலோன் மருந்தை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவது வழக்கம். ஆனால் நீண்டநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. அண்ணீரகச் சுரப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அறுந்த தசைநாணுக்கு மாவுக்கட்டு, சிறப்புக் காலணி அல்லது அறுவை சிகிச்சை அளிக்கப்படுகிறது. குணமடையப் பல மாதங்கள் ஆகும்.