பழைய பொட்டி, புதுப் பொட்டி, நடுவுல ஒரு பட்டா

பொட்டி தட்டுற நம்மாட்களுக்கு டேட்டா மைக்ரேஷன்னா சனிக்கிழமை ராத்திரி முழிப்பு, திங்கட்கிழமை காலையில படபடப்பு. ஆனா நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பெரிய மைக்ரேஷன் நடந்திருக்கு மக்களே.

1979-ல் வருவாய்த்துறை 'நில உடைமை மேம்பாட்டுத் திட்ட'த்தை ஆரம்பித்தது. ஊர்வழக்கில் யூ.டி.ஆர். 1987 வரை நடந்தது. கிராமம் கிராமமாகப் பழைய பதிவேட்டைப் பார்த்து, அனுபவத்தில் யார் இருக்காங்கன்னு விசாரித்து, புது 'அ' பதிவேடும் சிட்டாவும் எழுதினார்கள். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது. எல்லாமே கையெழுத்து. எங்கோ ஓர் உட்பிரிவு எண் விட்டுப்போச்சு, எங்கோ அண்ணன் பங்கு தம்பி பேரில் ஏறிடுச்சு.

அந்தப் பதிவேடுகள்தான் பின்னால் 'தமிழ் நிலம்' மென்பொருளில் ஏறின. முதலில் தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டரில், அப்புறம் இணையவழிப் பொதுத் தொகுப்பில்.

சேமிப்பு உலகமும் இதே பாதையில்தான் வந்தது. முதலில் வட்டு சர்வருக்குள்ளேயே இருந்தது. 1984-ல் சன் நிறுவனம் என்.எஃப்.எஸ். கொண்டுவந்ததும் கோப்பை நெட்வொர்க் வழியா எடுக்க முடிஞ்சது. 'நாஸ்' வளர்ந்தது இந்த வழியில். 1994-ல் ஃபைபர் சேனல் தரநிலை. அதை வைத்து வந்த 'சான்' கோப்பாகத் தராது, வெறும் பிளாக்காகத் தரும். 2004-ல் ஐஸ்கசி தரநிலை வந்து, அதையே சாதாரண ஈதர்நெட்டிலும் செய்யலாம்னு ஆச்சு.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாத்தும்போது செய்யறது ஒண்ணுதான்: முழுசா நகல் எடு, இடையில் மாறினதை மட்டும் திரும்ப எடு, பழையதை நிறுத்து, செக்சம் பார், புதுசைத் திற.

ஆனா செக்சம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: நகல் மூலத்தை மாதிரியே இருக்கா? மூலமே தப்புன்னா அதுக்குத் தெரியாது. தம்பி பேரில் ஏறின பங்கு, ஒரு பைட்டும் சிதறாம, பத்திரமா தம்பி பேரிலேயே போய்ச் சேரும்.

1989-ல் வடஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது வேங்கிக்காலில். யூ.டி.ஆர். பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலருக்குத்தான் ரொம்ப காலம் மனு போட வேண்டியிருந்தது. பழைய பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து, 'இது எங்க நிலம்தாங்க'ன்னு நிரூபிக்கணும். அந்த மஞ்சப்பை மட்டும் இல்லேன்னா திருத்தறதுக்கு வேற ஆதாரமே இல்லை.

அதனால, மைக்ரேஷன் முடிஞ்ச மறுநாளே பழைய பொட்டியை அழிச்சிடாதீங்க சாமி. அதுதான் நம்ம மஞ்சப்பை.